மிச்சமிருந்த சொட்டு மருந்து

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 64. பெங்களூர் ராமமூர்த்தி நகரில் ஒரு முப்பதுக்கு நாற்பது சைட்டில் வீடு, ஒட்டினாற்போல் இன்னொரு முப்பதுக்கு நாற்பதில் தோட்டம். இரண்டு தென்னை, ஒரு முருங்கை, ஒரு சப்போட்டா, செம்பருத்தி வேலி, அவரைப் பந்தல். ஓய்வு பெற்றதிலிருந்து காலையில் இரண்டு மணி நேரம் அங்கேதான் இருக்கிறேன். புல் வெட்ட மாதம் ஒருமுறை மெஷினோடு ஒருவர் வருவார், நம் கிருஷ்ணகிரிக்காரர். போன மாதம் மெஷின் தெறித்த கல் பட்டு ஜன்னல் கண்ணாடி விரிந்துவிட்டது. பேரன் அப்போது வராந்தாவில்தான் விளையாடிக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து “கண்ணுக்கு ஏதாவது மாட்டிக்கிட்டு வேலை பாருங்கப்பா” என்று மகள் தினமும் போனில் சத்தம் போடுகிறாள். நான் ஏற்கெனவே பவர் கண்ணாடி போடுகிறேன், அது போதாதா? தனியாக வாங்குவதென்றால் எதை வாங்குவது? புல் வெட்டுகிறவரோ, “கண்ணாடி மாட்டினா வேர்த்து மங்கிடுது சார், காலே தெரிய மாட்டேங்குது” என்கிறார். கண்ணில் ஏதாவது பட்டுவிட்டால் வீட்டில் என்ன செய்யலாம்? போன வருடம் சப்போட்டாக் கிளை இடது கண்ணில் அடித்து, சிவந்து நீர் வடிந்தது. மனைவியின் கண்புரை ஆபரேஷனுக்குக் கொடுத்த சொட்டு மருந்து மிச்சம் இருந்ததை இரண்டு நாள் விட்டேன், சரியாகிவிட்டது. அதையே கைவசம் வைத்துக்கொள்ளலாம் அல்லவா? பெயர் வேண்டாம்.

பதில்:

ஐயா, வணக்கம். நீங்கள் முக்கியமாகக் கேட்டது கண்ணாடியைப் பற்றி. நான் உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். அந்தச் சொட்டு மருந்துப் புட்டி இன்னும் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறதா? முதலில் அதை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு வாருங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு நாங்கள் கொடுக்கும் சொட்டு மருந்துகளில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். தனியாக இருக்கும், அல்லது ஆன்டிபயாடிக்கோடு கலந்து ஒரே புட்டியில் இருக்கும். லேபிளில் சின்ன எழுத்தில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன், லோட்டிபிரெட்னால், ஃப்ளூரோமெத்தலோன் என்று ஏதாவது ஒன்று போட்டிருந்தால் அது ஸ்டீராய்டுதான். ஆபரேஷன் செய்த கண்ணுக்கு அது தேவை. அழற்சியை அடக்கும், சிவப்பைக் குறைக்கும். கிளை கீறிய கண்ணுக்கு அது காவல்காரனுக்குத் தூக்க மாத்திரை கொடுத்த மாதிரி. வெளியே சிவப்பு குறையும், வலி குறையும், “ஆஹா, கேட்டுவிட்டது” என்று தோன்றும். உள்ளே கிருமி புகுந்திருந்தால் அது எதிர்ப்பே இல்லாமல் வளரும்.

அப்படியானால் உங்களுக்கு எப்படிச் சரியானது? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது, அவ்வளவுதான். கருவிழி, அதாவது கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடி போல இருக்கும் படலம், ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமன் உள்ளது. அதன் மேல்தோல் அதில் பத்தில் ஒரு பங்கு. அந்த மேல்தோலில் மட்டும் விழுந்த சின்னக் கீறல் ஒன்றிரண்டு நாளில் தானாகவே மூடிக்கொள்ளும். நீங்கள் வெறுமனே கண்ணை மூடிப் படுத்திருந்தாலும் ஆறியிருக்கும். உங்கள் சப்போட்டாக் கிளையில் அன்று பூஞ்சை ஒட்டியிருக்கவில்லை, அல்லது ஒட்டியிருந்தும் உள்ளே இறங்கவில்லை. ஒருமுறை தப்பித்ததை வைத்து மருந்தைத் தேர்வு செய்யாதீர்கள்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. குளிர் நாடுகளில் கருவிழிப் புண் என்றால் பெரும்பாலும் பாக்டீரியா, அதுவும் கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களுக்கு. நம் தென்னிந்தியாவில் கதை வேறு. இலை, வைக்கோல், நெல் சொணை, கரும்புத் தோகை, குச்சி, மண் என்று பட்ட பிறகு வரும் புண்களில் பெரும் பங்கு பூஞ்சையால் வருவது. ஃபுஸேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் என்ற இரண்டு வகைதான் அதிகம். இரண்டுமே மண்ணிலும் செடியிலும் சாதாரணமாக இருப்பவை. மதுரை மாவட்டத்தில் 1993-ஆம் ஆண்டுக்கு எடுத்த கணக்குப்படி லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்திருக்கிறது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு வட்டாரத்தில் கணக்கிட்டதைவிட இது ஏறக்குறைய பத்து மடங்கு. நமக்குப் பக்கத்து ஊர் ஓசூரில் ரோஜாத் தோட்டங்கள் இருக்கின்றன. இங்கே மொட்டை மாடி தொடங்கி உங்களைப் போலப் பக்கத்து சைட் வரைக்கும் எல்லோரிடமும் செடி இருக்கிறது. கிராமத்து நோய் என்று நினைக்க இடமில்லை.

பூஞ்சை அவசரப்படாது. கிளை பட்ட அன்று வலிக்கும், மறுநாள் குறையும், நாலைந்து நாள் ஒன்றுமே தெரியாமலும் போகலாம். அப்புறம் மெல்ல உறுத்தல், வெளிச்சத்தைப் பார்த்தால் கூச்சம், கருப்பு வட்டத்தில் சாம்பல் நிறமாக ஒரு புள்ளி. இதற்குள் மருந்துக்கடை ஸ்டீராய்டு நாலு நாள் போயிருந்தால் அந்தப் புள்ளி விரிந்திருக்கும். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் ஒரு புட்டியோடுதான் வருகிறார்கள். ‘மெடிக்கல்ல குடுத்தாங்க, மொதல்ல நல்லாதான் இருந்துச்சு’ என்பார்கள். அந்த ‘மொதல்ல நல்லாதான் இருந்துச்சு’ என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு அடிவயிறு கலங்கும்.

அதற்குப் பிறகு சிகிச்சை நீளமானது. புண்ணைச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். பூஞ்சை என்றால் நாட்டாமைசின் என்ற மருந்தை விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு சொட்டு, பிறகு வாரக்கணக்கில் குறைத்துக் குறைத்து விட வேண்டும். (நாட்டாமைசின் பழைய மருந்து. புதிதாக வந்த வோரிகோனசோலோடு அதை ஒப்பிட்டுத் தென்னிந்தியாவில் நடந்த ஆய்வு 2013-இல் வெளியானது. பழையதே வென்றது.) ஆறினாலும் வெள்ளையாகத் தழும்பு நிற்கும். நம் பாட்டிகள் ‘கண்ணுல பூ விழுந்துடுச்சு’ என்பார்களே, அதுதான். நடுவில் விழுந்தால் பார்வை போச்சு; பிறகு கண்தானத்தில் கிடைக்கும் கருவிழிக்குக் காத்திருக்க வேண்டும்.

பயமுறுத்த மட்டும் எழுதவில்லை. நேபாளத்தில் பக்தபூர் என்ற ஊரில் ஒரு நல்ல வேலை செய்தார்கள். கண்ணில் கீறல் பட்டால் உடனே வந்து காட்டும்படி ஊர் மக்களிடம் சொல்லி வைத்து, கீறல் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, சாதாரண ஆன்டிபயாடிக் களிம்பை மூன்று நாளுக்குக் கொடுத்தார்கள். 2001-இல் அதன் முடிவு வந்தது. பட்ட 18 மணி நேரத்துக்குள் களிம்பைத் தொடங்கியவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. விலை உயர்ந்த மருந்து எதுவும் இல்லை. சீக்கிரம் காட்டினார்கள், ஸ்டீராய்டு இல்லாத களிம்பு கிடைத்தது, அவ்வளவே. ஆகவே கிளை பட்டால் அன்றோ மறுநாள் காலையோ கண் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆரஞ்சு நிறச் சாயம் ஒரு சொட்டு விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால் கீறல் பச்சையாகப் பளிச்சென்று தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை.

இனி கண்ணாடி.

பவர் கண்ணாடி போதாது. அது பார்ப்பதற்குச் செய்தது, அடி தாங்கச் செய்ததல்ல. பக்கவாட்டில் திறந்து கிடக்கிறது, மேலே புருவத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவே சந்து இருக்கிறது. லென்ஸே உடைந்து கண்ணுக்குள் போனதும் உண்டு. உங்கள் ஜன்னலை விரித்த அந்தக் கல்லை நினைத்துப் பாருங்கள். கொஞ்சம் கணக்குப் போடுவோம்: புல்வெட்டும் மெஷினின் நைலான் நரம்பு மையத்திலிருந்து 20 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டு நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றினால், அதன் நுனி மணிக்கு 450 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. கல் அதே வேகத்தில் தெறிக்காது, உண்மைதான். அதில் கால் பங்கு இருந்தாலே ஹைவேயில் போகும் காரின் வேகம்.

வாங்க வேண்டியது பாலிகார்பனேட் லென்ஸ் போட்ட பாதுகாப்புக் கண்ணாடி. பிராண்டைப் பார்க்காதீர்கள், ஃபிரேமின் காம்பில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். நம் நாட்டுத் தரம் ஐ.எஸ். 5983. அமெரிக்கத் தரம் என்றால் இசட்87 என்ற எழுத்தோடு ஒரு கூட்டல் குறி இருக்க வேண்டும். ஐரோப்பியத் தரம் இ.என். 166, அதில் ‘எஃப்’ என்று போட்டிருந்தால் ஆறு மில்லிமீட்டர் இரும்புக் குண்டு நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் வந்து மோதினாலும் தாங்கும் என்று பொருள். பவர் கண்ணாடிக்கு மேலேயே மாட்டிக்கொள்ளும் அகலமான வகை இருக்கிறது, உங்களுக்கு அதுதான் சரி. எஸ்.பி. ரோடு பக்கம் ஹார்டுவேர் கடைகளில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். பவர் கண்ணாடியைக் கையோடு கொண்டுபோய் மேலே மாட்டிப் பார்த்து வாங்குங்கள். ஆன்லைனில் வாங்கி, காது அழுத்துகிறது என்று மேஜை அறையில் போட்டு வைத்தவர்கள் நிறையப் பேர். சிக்னலில் விற்கும் கூலிங் கிளாஸ் வேண்டாம்.

செடி கத்தரிக்க, களை எடுக்க, தொட்டி மாற்ற இந்தக் கண்ணாடி போதும். மருந்து அடிக்கும்போது சுற்றிலும் மூடிய, திரவம் புகாத காகிள்ஸ் வேண்டும். மெஷினில் புல் வெட்டும்போது முகம் முழுவதையும் மறைக்கும் கண்ணாடி போன்ற முகக் கவசம் நல்லது. ஆனால் முகக் கவசத்தின் கீழிருந்து கல் ஏறி வரும், அதனால் அதற்குள்ளேயும் கண்ணாடி வேண்டும்.

உங்கள் கிருஷ்ணகிரிக்காரர் சொல்வது சாக்குப்போக்கு இல்லை. உண்மையிலேயே மங்கும். வெயிலில் மெஷின் தூக்கியவருக்குத்தான் அது தெரியும். நெற்றியில் துண்டை இறுக்கிக் கட்டினால் வேர்வை லென்ஸில் இறங்காது. நம் ஊர் உழவர்கள் தலைப்பாகை கட்டியது சும்மா இல்லை. லென்ஸின் உள்பக்கம் ஒரு துளி ஷாம்பூவைத் தடவி, கழுவாமல் மெல்லிய துணியால் துடைத்துவிட்டால் அரை மணி நேரத்துக்காவது ஆவி பிடிக்காது. பக்கத்தில் காற்றுத் துளை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மூக்கில் துணி கட்டினால் மூச்சு மேலே வந்து மங்கும், மூக்குத் தண்டில் இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். இன்னொன்று, கண்ணாடியை அவர் வாங்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். நீங்கள் ஒன்று வாங்கி உங்கள் வீட்டு ஆணியில் மாட்டி வையுங்கள். நடுவில் நிறுத்தித் துடைத்துக்கொள்ள நேரம் கொடுங்கள், அந்த நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள். ஒரு வீட்டில் முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டியவரிடம் ‘பாதுகாப்பா செய்யுப்பா’ என்று சொல்வது மட்டும் எடுபடாது.

பேரனைப் பற்றி. இந்த மெஷின்களின் கையேட்டில் மற்றவர்கள் 15 மீட்டர், அதாவது 50 அடி தள்ளி நிற்க வேண்டும் என்று போட்டிருக்கும். முப்பதுக்கு நாற்பது சைட்டில் மூலைக்கு மூலை அளந்தால் சரியாக 50 அடி வரும். ஆக உங்கள் தோட்டத்தின் ஒரு கோடியில் மெஷின் ஓடினால், எதிர்க் கோடியைத் தவிர வேறு எங்கே நின்றாலும் ஆபத்து எல்லைக்குள்தான். வராந்தா அதற்குள் அடக்கம். மெஷின் சத்தம் கேட்டால் பையன் வீட்டுக்குள், கதவும் ஜன்னலும் மூடி. கேட்டுக்கு வெளியே பால்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகும் நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். வெட்டுவதற்கு முந்தின நாள் மாலையில் நீங்களே ஒரு வாளியோடு நடந்து ஜல்லி, ஓட்டுத்துண்டு, கம்பி எல்லாம் பொறுக்கிவிடலாம். வீடு கட்டின இடத்து மண்ணில் இவை தோண்டத் தோண்ட வரும். மெஷினின் தடுப்புத் தகட்டைச் சிலர் கழற்றிவிடுகிறார்கள், நைலானுக்குப் பதில் கட்டுக்கம்பி மாட்டுகிறார்கள், இரண்டையும் அனுமதிக்காதீர்கள். என்னைக் கேட்டால், 1200 சதுர அடிக்கு மெஷினே எதற்கு? ஓர் அரிவாளும் ஒரு காலை நேரமும் போதும். உங்கள் முதுகு என்ன சொல்லும் என்பது வேறு விஷயம்.

உங்கள் தோட்டத்துச் செடிப் பட்டியலைப் படித்ததும் எனக்கு முதலில் கண்ணில் பட்டது முருங்கை. மழைக்காலத்தில் அதன் அடிமரத்தில் கம்பளிப்பூச்சி கூட்டமாக, போர்வை போர்த்தினாற்போல் அப்பியிருக்கும். அதன் மயிரில் நுண்ணிய முள் உண்டு. கண்ணில் விழுந்தால் அது தைத்துக்கொண்டு, கசக்கக் கசக்க உள்நோக்கி நகரும். சிலருக்குக் கருவிழியைத் தாண்டி உள்ளேயே போய்விடும். இதற்கு ஆப்தால்மியா நோடோசா என்று தனிப் பெயரே இருக்கிறது. பூச்சி மரத்தில் இருக்கும்போது கிளையை உலுக்காதீர்கள், துடைப்பத்தால் அடிக்காதீர்கள். பந்தத்தால் கொளுத்தினாலும் மயிர் காற்றில் பறக்கும். கண்ணில் விழுந்துவிட்டால் கசக்காமல் வாருங்கள். ஸ்லிட் லாம்ப் என்ற கண் பார்க்கும் மைக்ராஸ்கோப்பில் வைத்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும், சில சமயம் இரண்டு மூன்று நாள் திரும்பத் திரும்ப.

அதே மரத்தில்தான் தொரட்டி வேலையும். அண்ணாந்து பார்த்து இழுக்கும்போது பட்டை, தூசி, எறும்பு எல்லாம் நேராகக் கண்ணுக்குள் விழும். தென்னம்பாளை இழுக்கும்போதும் அப்படியே. காய் அறுந்து விழும் நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு, ஆனால் கண் மூடுவதற்குள் தூசி வந்துவிடுகிறது.

அவரைப் பந்தலுக்கு ஊன்றிய குச்சிகளைப் பாருங்கள். நட்டு வைத்த குச்சியின் முனை, நேராக நிற்கும்போது மார்பளவில் இருக்கும். குனிந்து களை எடுக்கும்போது அது கண்ணுக்கு நேரே வரும். நுனியை நேரே பார்க்கும்போது ஒரு புள்ளிதான் தெரியும் என்பதால் மூளைக்கு அது தட்டுப்படவே படாது. நானே ஒரு ஜனவரி மாதம் என் அம்மா வீட்டு அவரைப் பந்தலில் காய் பறிக்கக் குனிந்து, கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் குத்து வாங்கினேன். ஓர் அங்குலம் தள்ளியிருந்தால் இந்தப் பதிலை வேறு டாக்டர் எழுதிக்கொண்டிருப்பார். இப்போது அங்கே ஒவ்வொரு குச்சி முனையிலும் என் அக்கா பையனின் பழைய டென்னிஸ் பந்து செருகியிருக்கிறது. காலி தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்தாலும் சரி.

பால் வடியும் செடிகள் உங்கள் பட்டியலில் இல்லை, ஆனால் காலி சைட்டின் வேலி ஓரத்தில் எருக்கு இல்லாமல் இருக்காது. விநாயகர் சதுர்த்திக்கு எருக்கம்பூ பறிக்கப் போய், அடுத்த நாள் ‘எல்லாம் புகை மூட்டமா தெரியுது’ என்று வருகிறவர்கள் எங்களுக்கு வருடா வருடம் உண்டு. எருக்கம்பாலின் விசித்திரம் என்னவென்றால் பல பேருக்கு வலிக்காது. அது கருவிழியின் உள்அடுக்கைத் தாக்கும், கருவிழி நீர் கோத்து மங்கும். கள்ளிப்பால் இதற்கு நேர் எதிர்: திருகுகள்ளியாகட்டும், முள்ளோடு சிவப்புப் பூ பூக்கும் தொட்டிக் கள்ளியாகட்டும், பட்டவுடன் தீயாக எரியும், மறுநாள் இன்னும் மோசமாகும். இரண்டுக்கும் உடனே தண்ணீர், பிறகு மருத்துவர். எருக்கம்பால் பட்ட கண்ணுக்கு நாங்கள் கொடுப்பது என்ன தெரியுமா? பெரும்பாலும் அதே ஸ்டீராய்டுதான். ஒரே தோட்டம், ஒரே சிவந்த கண். ஒன்றுக்கு மருந்து, மற்றதற்கு நஞ்சு. எது எது என்று ஸ்லிட் லாம்ப்பில் பார்க்காமல் எனக்கே தெரியாது என்கிறபோது மருந்துக்கடைப் பையனுக்கு எப்படித் தெரியும்?

காங்கிரஸ் செடி என்கிற பார்த்தீனியம் பிடுங்கும்போது கையுறை போடுங்கள், அந்தக் கையோடு கண்ணைத் தொடாதீர்கள். இமை தடித்துச் சொறி வரும். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சுண்ணாம்பைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. தென்னை மரத்து அடியில் வெள்ளை அடிக்க, மயில்துத்தத்தோடு கலந்து செடிப் பூஞ்சைக்கு அடிக்கும் போர்டோ கலவை செய்ய என்று தோட்டத்தில் சுண்ணாம்புக்கு வேலை உண்டு. அமிலம் பட்டால் அந்த இடத்துப் புரதம் உறைந்து அதுவே ஒரு தடுப்பாகிவிடும். சுண்ணாம்பு காரம், அது கொழுப்பைச் சோப்பாகக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். நீங்கள் மருத்துவமனைக்கு ஆட்டோ பிடிக்கும் நேரத்தில் பாதி சேதம் முடிந்துவிடும். எனவே சுண்ணாம்போ பூச்சிமருந்தோ ஆசிடோ தெறித்தால், போன் செய்வதற்கும் முன்னால், தோட்டத்துக் குழாயிலேயே கழுவத் தொடங்குங்கள். போர் தண்ணீரா டேங்கர் தண்ணீரா என்று யோசிக்காதீர்கள், கைக்கெட்டிய சுத்தமான தண்ணீர் எதுவானாலும் சரி. பட்ட கண் கீழ்ப்பக்கமாக இருக்கும்படி தலையைச் சாய்த்து, இன்னொருவர் இமையை விரித்துப் பிடிக்க, முழுதாக அரை மணி நேரம். கண் இறுக மூடிக்கொள்ளும், விடக்கூடாது. மேல் இமைக்கு அடியில் சுண்ணாம்புத் துகள் ஒளிந்துகொண்டு கரைந்துகொண்டே இருக்கும், எனவே ஈரமான சுத்தத் துணி நுனியால் அதை ஒற்றி எடுங்கள். அரை மணி நேரம் கழிந்த பிறகு மருத்துவமனை. பேரன் கைக்கு எட்டும் இடத்தில் சுண்ணாம்புப் பொட்டலம் வேண்டாம்.

சாதாரணத் தூசிக்கு இவ்வளவு கூத்து தேவையில்லை. குடிக்கிற தண்ணீரை மெதுவாக ஊற்றி, கண்ணைச் சிமிட்டினால் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் விட்டுவிடுங்கள், மருத்துவர் எடுப்பார். கைக்குட்டை நுனி, தீக்குச்சி வேண்டாம். நாக்கால் எடுத்துவிடுவதில் கைதேர்ந்த பாட்டி உங்கள் தெருவிலும் இருப்பார், அன்போடு மறுத்துவிடுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு எதுவும் வேண்டாம். கீறல் பட்ட கருவிழிக்கு அவை கிருமி போகும் வழி.

கண்ணைத் துளைத்துவிட்டது என்று சந்தேகம் இருந்தால் மட்டும் நான் சொன்னதெல்லாம் தலைகீழ். கழுவக்கூடாது. குச்சியோ கம்பியோ தைத்து நின்றால் பிடுங்கக்கூடாது. பஞ்சு வைத்து அழுத்திக் கட்டக்கூடாது. ஒரு பேப்பர் கப்பைக் கண்ணின் மேல் படாமல் கவிழ்த்து, ஓரத்தில் டேப் ஒட்டி, நேரே மருத்துவமனைக்குப் போங்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டிவரலாம் என்பதால் வழியில் காபி, இட்லி எதுவும் வேண்டாம். பெங்களூரில் நூறாண்டைத் தாண்டிய அரசு கண் மருத்துவமனை மின்டோ இருக்கிறது. புல் வெட்டுகிறவருக்கும் அந்த வழியைச் சொல்லி வையுங்கள்.

ஏமாற்றும் காயம் ஒன்று உண்டு. கடப்பாரைத் தலையையோ கோடாலியையோ சுத்தியலால் அடிக்கும்போது நெல்மணியிலும் சின்ன இரும்புத் துணுக்கு தெறித்துக் கண்ணுக்குள் போய்விடும். ‘சுருக்’ என்றதோடு சரி. பார்வையும் அன்று நன்றாகவே இருக்கலாம். உள்ளே கிடக்கும் இரும்பு துருப்பிடித்து மாதக்கணக்கில் விழித்திரையைக் கெடுக்கும். இரும்பை இரும்பால் அடித்தபோது கண்ணில் ஏதோ பட்டது என்ற ஒரு வார்த்தையை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எக்ஸ்ரே அல்லது சி.டி. எடுத்துப் பார்ப்பார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தால் காந்தம் அந்தத் துணுக்கை உள்ளேயே நகர்த்திவிடும், அதனால்தான் முன்கூட்டியே தெரிய வேண்டும்.

உங்கள் இடது கண்ணுக்கு இன்றே ஒரு சோதனை செய்யுங்கள். வழக்கமான கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வலது கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடி, தினசரிக் காலண்டரில் ராகுகாலம் போட்டிருக்கும் சின்ன எழுத்தைப் படியுங்கள். பிறகு மாற்றி மூடிப் படியுங்கள். இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கும்போது ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடும். இடது கண்ணில் எழுத்து மங்கினாலோ வளைந்தாலோ வந்து காட்டுங்கள். கிளை பட்ட பிறகும் இதே காலண்டர் போதும்: பார்வை குறைந்தால், வலி மறுநாள் கூடினால், வெளிச்சம் கூசினால், கருப்பில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காதீர்கள்.

கடைசியாக ஒன்று, நீங்கள் எழுதாதது. தோட்டத்தில் காலை இரண்டு மணி நேரம் ‘இருக்கிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். சாம்பாருக்கு முருங்கைக்காய் பறிப்பதும், பூஜைக்குச் செம்பருத்தி பறிப்பதும் யார்? கண்புரை ஆபரேஷன் செய்த உங்கள் மனைவிதான் என்பது என் ஊகம். இன்னொரு கண்ணுக்கும் ஆபரேஷன் செய்வதாக இருந்தால் அதன்பின் நாலு வாரம் அவருக்குத் தோட்டம் வேண்டாம், தொரட்டியை நீங்கள் பிடியுங்கள். எஸ்.பி. ரோடு போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போய், அவர் முகத்துக்கும் ஒன்று மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.